பம்புக்கு வராத கரண்டு

ஐப்பசி, வெள்ளிக்கிழமை

கல்யாணமான புதிதில் அவர் ஆசையாக வாங்கிய கார். அவர் குவைத்துக்குப் போனபின் வாசலிலேயே நின்றுவிட்டது. பொங்கலுக்கு வந்து ஓட்டுவாரே என்று இன்று நீடாமங்கலத்திலிருந்து மெக்கானிக் செல்வம் அண்ணனை வரவழைத்தேன். என்னைச் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு, அண்ணன் பின் சீட்டில் காதை வைத்துக் கேட்டார்.

“பம்பு சத்தமே இல்லம்மா. டேங்க்ல பெட்ரோல் இருக்கு, அத இழுக்குற பம்புக்குத்தான் கரண்டு வரல.”

ஃபியூஸ் நன்றாகவே இருந்தது. சீட்டைத் தூக்கிப் பார்த்தால், வயல் எலி ஒயரைக் கடித்து வைத்திருந்தது. ஒட்டுப் போட்டதும் பம்பு மெல்ல முனகியது, வண்டி கிளம்பிவிட்டது.

சந்தோஷம் தாங்காமல் உடனே குவைத்துக்குப் போன் செய்து, பொங்கலுக்கு வந்து ஓட்டலாம் என்று சொன்னேன்.

“நீயே ஓட்டக் கத்துக்கயேன்” என்றார் அவர்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார்.