கொலோன் ரயில் நிலையத்தில் ஒரு ‘இஞ்சாருங்கோ’

என் அன்பான இஞ்சாருங்கோவுக்கு,

சிட்னி வென்ட்வேர்த்வில் வீட்டுக் குசினியில், உங்கள் கதிரையில் இருந்துதான் எழுதுகிறேன். வெளியே மழை. இந்த வீட்டுக்குள் வரவே கூடாது என்று நீங்கள் ஒற்றைக்காலில் நின்ற கலர் டிவியைக் குமரன் போன கிழமை வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். உங்கள் மகன்தானே, சொன்னால் கேட்பானா? படம் நல்ல தெளிவு. கோபிக்காதேங்கோ.

விஷயத்துக்கு வருகிறேன். சனி ஞாயிறுகளில் நீங்கள் காடு மலை என்று அலைந்தீர்களே, அந்த நடைக் கழகத்துக் கெவின் நேற்று வந்தார். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் நீலமலைக்குப் போகிறார்களாம். நீங்கள் வழக்கமாக இருந்து பாணும் சம்பலும் சாப்பிடுகிற அந்தப் பாறையில் நின்று, பள்ளத்தாக்கைப் பார்த்து ஒவ்வொருவராக உங்கள் பெயரைக் கூப்பிடப் போகிறார்களாம். தங்களில் ஒருவர் போய்விட்டால் அப்படித்தான் வழியனுப்புவார்களாம். நான்தான் முதலில் கூப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார் மனிசன்.

நான் எப்படிக் கூப்பிடுவேன்? கழுத்தில் தாலி ஏறிய நாளிலிருந்து உங்கள் பெயர் என் வாயில் வந்ததில்லை. டாக்டரிடம் போனால் அட்டையை நீட்டுவேன். பாங்கில் கேட்டால் எழுதிக் காட்டுவேன். எழுதலாம், சொல்லக் கூடாது. சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்று கேட்டு வளர்ந்தவள் நான். இஞ்சாருங்கோ என்று கூப்பிட்டால் நீங்கள் திரும்பிப் பார்ப்பீர்கள். எனக்கு அது போதுமாக இருந்தது.

“அம்மா, அப்பாதான் இப்ப இல்லையே. இனிச் சொன்னா என்ன?” என்று குமரன் கேட்கிறான்.

அதுதானே பிரச்சினை! இனிச் சொல்லலாம் என்று ஆகிவிட்டால், நீங்கள் போய்விட்டீர்கள் என்று நானே என் வாயால் ஒப்புக்கொண்ட மாதிரி. செத்தவீட்டில் அழுதேன், முப்பத்தோராம் நாள் அந்திரட்டியும் முறையாகச் செய்தோம். ஆனால் இந்த ஒன்றை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன். உங்களுக்கு விளங்குமா? விளங்கும். கொலோன் நகரத்தில் நடந்தது உங்களுக்கு மறந்திருக்காது.

லண்டனில் உங்கள் தங்கச்சி மகளின் கலியாணத்துக்கு என்று சிட்னியிலிருந்து வெளிக்கிட்டோம். மற்றவர்கள் என்றால் பெட்டியும் கையுமாய் நேரே லண்டனில் போய் இறங்குவார்கள். நீங்கள் ஆளுக்கொரு முதுகுப்பை வாங்கி வந்து, ஐரோப்பாவை ரயிலில் பார்த்துக்கொண்டே போவோம் என்றீர்கள். சேலை உடுத்த பொம்பிளைக்கு முதுகுப்பை! தலைப்பு வாருக்குள் சிக்கும், கொய்யக மடிப்புக் காற்றில் பறக்கும், ரயிலில் இருந்த சனமெல்லாம் என்னையே பார்க்கும். “பாக்கட்டும், அவைக்கும் ஒரு பிரயோசனம்” என்று சிரித்தீர்கள். எனக்கும் இரண்டாம் நாளே அது பிடித்துவிட்டது. அதை உங்களிடம் சொல்லியிருந்தால் உங்களுக்குத் தலைக்கனம் பிடித்திருக்கும்.

கொலோனில் ரைன் ஆற்றுக்கு அக்கரையில் இளைஞர் விடுதி. நரைத்த தலையோடு போய் நின்ற எங்களைப் பார்த்து அந்த வரவேற்புப் பையன் முழித்தான். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்று பிரித்தும் விட்டான். காலையில் ரயில் பாலத்தின் ஓரமாக நடந்து ஆற்றைக் கடந்தோம். எதிரே அந்தப் பெரிய தேவாலயம், வானத்தை முட்டிக்கொண்டு இரண்டு கோபுரங்கள். “இண்டைக்கு உச்சிக்கு ஏறாமல் விடுறேல்லை” என்றீர்கள். வழியில் ஒரு கடையில் ஓடிக்கொலோன் வாசனைத் தண்ணி ஒரு போத்தல் வாங்கித் தந்தீர்கள். காய்ச்சல் வந்தால் நெற்றியில் துணி நனைத்துப் போடுவோமே, அதன் சொந்த ஊர் இதுதான் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

தேவாலய வாசலில்தான் வில்லங்கம் தொடங்கியது. நான் சப்பாத்தைக் கழற்றி வாசலோரம் வைத்தேன்.

“பரமேசு, இஞ்சை ஒருத்தரும் கழட்டேல்லை, பாரும்.”

“எங்கட ஊர் மாதா கோயிலிலை கழட்டிறவைதானே? இஞ்சையும் அதே மாதாதான். நீங்கள் பேசாமல் வாங்கோ.”

உள்ளே கண்ணாடி ஜன்னல்களில் நீலமும் சிவப்புமாக வெயில் விழுந்துகொண்டிருந்தது. நான் கும்பிட்டுக்கொண்டு நின்றேன், நீங்கள் தூண்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றீர்கள். வெளியே வந்தால் சப்பாத்தைக் காணவில்லை. ஐரோப்பாவில் ஆர் கோயில் வாசலில் சப்பாத்துக் களவெடுப்பான்? “இதிலையே நில்லும், சுத்திப் பாத்திட்டு வாறன்” என்று போனீர்கள்.

நின்றேன். கன நேரம் நின்றேன். அப்போதுதான் நினைவு வந்தது: உங்கள் சலரோகத்துக்கு நேரம் தவறாமல் சாப்பிட வேண்டும். வாழைப்பழமும் சீனிக்கட்டியும் பாணும் என் பையில் இருந்தன. காலையில் இன்சுலின் ஊசி போட்ட ஆள், வெறுங்கையோடு எந்தப் பக்கம் போனாரோ? அந்த ஊர் வைத்தியசாலையில் நீங்கள் தலைசுற்றி விழுந்து கிடப்பது மாதிரி எனக்குக் கண்ணுக்குள் வந்துவிட்டது. இதிலையே நில்லும் என்ற சொல்லை விட்டுவிட்டு உங்களைத் தேடி நானும் ஒரு சுற்றுச் சுற்றினேன். அந்தக் கட்டடத்துக்கு எத்தனை வாசல்! நீங்கள் ஒரு மூலையால் திரும்ப நான் மறு மூலையால் போயிருக்கிறேன்.

பயந்தேன், உண்மை. ஆனால் அழுதுகொண்டு நிற்கவில்லை. பக்கத்திலேயே பெரிய ரயில் நிலையம். சேலையும் முதுகுப்பையும் வெறும் காலுறையுமாக விசாரணைக் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றேன். அங்கே இருந்த பெண்ணுக்கு நல்ல ஆங்கிலம். கணவரின் பெயர் என்ன, ஒலிபெருக்கியில் கூப்பிடுகிறேன் என்றாள். கடதாசியில் எழுதிக் கொடுத்தேன். பாவம், அவளும் தன்னால் இயன்றதைச் செய்தாள். உங்கள் பெயரை அக்கக்காகக் கழற்றி, எங்கெங்கோ அழுத்தி, மூன்று தரம் கூப்பிட்டாள். ஒருவரும் வரவில்லை.

“நீங்களே ஒருமுறை சொல்லுங்கள், அதைக் கேட்டுச் சரியாகச் சொல்கிறேன்” என்றாள். நான் தலையை ஆட்டினேன். புருஷனுக்குச் சீனி இறங்கிக்கொண்டிருக்கிற நேரத்தில் ஆயுசைக் குறைக்கிற வேலையை நானே செய்வேனா? “அதை இஞ்சை தா பிள்ளை” என்று தமிழிலேயே சொல்லி, கையை உள்ளே விட்டு மைக்கைப் பிடித்தேன். அவள் பொத்தானை அழுத்திவிட்டாள்.

“இஞ்சாருங்கோ! நான் ரயில் நிலையத்திலை, பெரிய மணிக்கூட்டுக்குக் கீழை நிக்கிறன். உங்கட வாழைப்பழமும் சீனியும் என்ரை பையிலைதான் இருக்கு. எங்கை நிண்டாலும் கெதியா வாங்கோ!”

கொலோன் நகரத்து ரயில் நிலையம் முழுக்க என் குரல். ஜெர்மன்காரர் அப்படியே நின்று அண்ணாந்து பார்த்தார்கள். அந்தச் சனத்துக்குள் இருந்து நீங்கள் வந்தீர்கள். முகம் வெளுத்து, சட்டை வேர்வையில் ஒட்டி, கையில் என் சப்பாத்துச் சோடியோடு வந்தீர்கள். கோயில்காரர் அதைப் பக்கவாசலுக்குள் எடுத்து வைத்திருக்கிறார். வாசலில் என்னைக் காணாமல், நான் நிலையத்துக்குத்தான் போயிருப்பேன் என்று வந்து, நடக்க இயலாமல் ஒரு மர வாங்கில் சாய்ந்து இருந்திருக்கிறீர்கள். சீனிக்கட்டியை வாயில் வைத்தேன். ஓடிக்கொலோனைக் கைலேஞ்சியில் விட்டு நெற்றியைத் துடைத்தேன். கொஞ்சம் கொஞ்சமாக முகத்துக்கு நிறம் வந்தது.

“முதல்லை பேரைச் சொல்லிக் கூப்பிட்டவை, காதிலை விழுந்தது. ஆரோ துருக்கிக்காரனைத் தேடுகினம் எண்டு இருந்திட்டன். பிறகு நீர் கூப்பிட்டீர். காலிலை பெலனில்லாட்டியும் எழும்பி வந்திட்டன்” என்றீர்கள். பழத்தைத் தின்றுகொண்டே, “ஒருக்கா எண்டாலும் என்ரை பேரை நீர் சொல்லியிருக்கலாமே?” என்று வேறு கேட்டீர்கள்.

“உங்கட ஆயுசு குறைஞ்சாலோ?”

“அப்ப நான் செத்த பிறகு சொல்லும்.”

“வாயைக் கழுவுங்கோ!”

“என்னத்தாலை? ஓடிக்கொலோனாலையோ?”

அன்றைக்குக் கோபுரம் ஏறவில்லை. மணிக்கூட்டுக்குக் கீழேயே இருந்து பாணைச் சாப்பிட்டுவிட்டு, ஆற்றங்கரையில் மெல்ல நடந்தோம். எனக்கு அதைவிடச் சந்தோஷமான நாள் வேறு இல்லை. சிட்னிக்குத் திரும்பியதும் கழக முகாம்களில் எல்லாம் நெருப்பைச் சுற்றி இருந்து இந்தக் கதையைச் சொன்னீர்களாமே? என் குரலில் நடித்தும் காட்டினீர்களாமே? கெவின் எனக்கே நடித்துக் காட்டினார். உங்களுக்கு வெட்கமாக இல்லையா?

மழை விட்டுவிட்டது. மிச்சத்தை ஞாயிற்றுக்கிழமை வந்து எழுதுகிறேன்.

ஞாயிறு, பின்னேரம். போய் வந்துவிட்டேன்.

முதுகுப்பையோடுதான் போனேன். குமரன் தூக்குகிறேன் என்றான், கொடுக்கவில்லை. பாறையில் காற்று நல்ல குளிர். உங்கள் ஆட்கள் எல்லோரும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். கெவின் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். விளிம்புக்குக் கிட்டப் போனேன். கீழே நீலமாய்ப் பள்ளத்தாக்கு. உங்கள் பெயரைத்தான் சொல்வது என்று ரயிலில் வரும்போதே முடிவெடுத்திருந்தேன். வாயைத் திறந்தேன்.

“இஞ்சாருங்கோ!”

அதுதான் வந்தது. நான் என்ன செய்ய? பள்ளத்தாக்கு அதை ஒருதரம் திருப்பிச் சொன்னது. கண்ணீர் என் கண்ணை மறைத்துவிட்டது. அப்போது பின்னால் கெவின் தன் கட்டைக் குரலில் “இஞ்சாருங்கோ!” என்றார். பிறகு அவர் மனைவி. பிறகு அந்த வெள்ளைக்காரக் கூட்டம் முழுவதும், உங்கள் நெருப்புக் கதையில் கேட்டுப் பழகிய அதே இழுவையோடு, “இஞ்சாருங்கோ! இஞ்சாருங்கோ!” என்று மலையை நிறைத்துவிட்டார்கள். சிரிக்கிறேனா அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. குமரனும் அப்படித்தான் நின்றான்.

எல்லோரும் கூப்பிட்டு முடித்தார்கள். அந்தச் சொல் எத்தனை வருஷம் எனக்கு மட்டும் சொந்தமாக இருந்தது! அதை ஊருக்குக் கொடுத்தாயிற்று. இனி எனக்கென்று உங்களைக் கூப்பிட என்ன இருக்கிறது? யோசித்துப் பார்த்தேன். இருந்தது. நான் தொடாமல் வைத்திருந்த ஒன்று அப்படியே புதுசாக இருந்தது.

“கொஞ்சம் நில்லுங்கோ” என்று எல்லோரையும் மறித்துவிட்டுத் திரும்பவும் விளிம்புக்குப் போனேன்.

“விசுவலிங்கம்!”

முழுப் பெயரும், ஒரு எழுத்தும் உடையாமல், நல்ல சத்தமாகச் சொன்னேன். பள்ளத்தாக்கும் உடைக்காமல் திருப்பித் தந்தது. உங்கள் பெயர் வாயில் எவ்வளவு நிறைவாக இருக்கிறது என்று எனக்கு இவ்வளவு நாளும் தெரியாமல் போயிற்றே. குமரன் ஓடி வந்து கையைப் பிடித்தான். “அம்மா, நீங்களோ சொன்னது?” என்றான். “ஓம், நான்தான். செத்த பிறகு சொல்லும் எண்டு உன்ரை அப்பாதான் சொன்னவர்” என்றேன்.

நீங்கள் போய்விட்டீர்கள். சொல்லிவிட்டேன். சொன்ன பிறகும் நான் நிமிர்ந்துதான் நிற்கிறேன், பாருங்கோ.

வாற கோடையில் கொலோனுக்குப் போகிறேன். தனியாகத்தான், அதே முதுகுப்பையோடு. தேவாலய வாசலில் சப்பாத்தைக் கழற்றத்தான் செய்வேன், ஆனால் இந்த முறை பைக்குள் வைத்துக்கொள்வேன். அன்றைக்கு விட்ட கோபுரத்தில் ஏறி, உச்சியில் நின்று உங்களைக் கூப்பிடுவேன். இரண்டு பெயரையும் சொல்லுவேன். எதற்கு விருப்பமோ அதற்கு வாருங்கோ.

இப்படிக்கு,
விசுவலிங்கத்தின் பெண்சாதி
பரமேஸ்வரி