கீழ்த் தட்டில் போட்ட லீவு லெட்டர்

இன்று காலை மேசையின் கடைசி டிராயரை இழுத்ததும் ரப்பர் சொல்யூஷன் வாடை குப்பென்று அடித்தது. உன் டிக்ஷனரிதான். முதுகு பிய்ந்துபோனபோது பெல்ட் ஜாயின்ட் போடும் சொல்யூஷனைப் பூசி, மேலே பெல்ட்டைத் தாங்கும் பழைய இரும்பு ரோலர் ஒன்றை ஏற்றிவைத்து ஒட்டினாய். மைன்ஸில் நிலக்கரி சுமக்கும் பெல்ட்டையே பிரியாமல் பிடித்துவைக்கிற சரக்கு, இந்தப் புத்தகத்தையா விட்டுவிடும்? நீ போய் இரண்டு மழைக்காலம் முடிந்துவிட்டது. வாடை இன்னும் போகவில்லை.

அதைத் தேட வைத்தது ஒரு புது ஃபாரம். நம் காண்ட்ராக்ட் கம்பெனியின் தலைமை அலுவலகம் அனுப்பியிருக்கிறது. பெல்ட் ரிப்பேர் ஷெட்டில் எந்த ஆபத்தைப் பார்த்தாலும் நான்கு கட்டங்களில் ஒன்றில் டிக் அடிக்க வேண்டுமாம்: சீரியஸ், கிரேவ், இமினென்ட், இமீடியட். அடித்துவிட்டு வேலையைப் பார் என்று யாரோ குளிர்சாதன அறையில் உட்கார்ந்து அச்சடித்திருக்கிறார்கள். நீ இருந்திருந்தால் சந்தோஷத்தில் சாப்பாட்டுக் கேரியரைத் திறக்கவே மறந்திருப்பாய். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

உன்னோடு இருந்த வருஷமெல்லாம் எனக்கு எரிச்சல்தான். நகரியத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. உன் வீடும் என் வீடும் ஒரே பிளாக்கில், நடுவில் ஒரு முருங்கை மரம். அப்பாக்கள் இருவரும் மைன்ஸில் பெர்மனென்ட், நாம் இருவரும் காண்ட்ராக்ட். ஷெட்டில் நீ சூப்பர்வைசர், ஆபீசில் நான் கிளார்க். ஷெட்டில் கண்ட ஆபத்தை நீ எழுதித் தருவதை வாங்கிப் பேப்பர் தட்டில் போடுவது என் வேலை. அதற்குள் என் உயிரை வாங்கிவிடுவாய்.

என் மேசையில் மூன்று தட்டு இருந்ததே, நினைவிருக்கிறதா? இமினென்ட், இமீடியட் என்று எழுதி வந்தால் மேல் தட்டு. அடுத்த நிமிஷம் மேனேஜருக்குப் போன், வேலை நிற்கும். சீரியஸ் என்றால் நடுத் தட்டு. வியாழக்கிழமை மீட்டிங்கில் பேசுவார்கள். மைனர், ஸ்லைட் என்று லேசாக எழுதியிருந்தால் கீழ்த் தட்டு. மாசக் கடைசியில் யாராவது பார்த்தால் உண்டு. பேப்பரை முழுதாகப் படிக்கக்கூடத் தேவையில்லை, அந்த ஒரு சொல்லைப் பார்த்தால் போதும். இப்படி ஒரு பழக்கம் இருக்கும்போது நீ சொல்லுக்காக அடித்துக்கொண்டதில் நியாயம் இருந்தது. அதை உன்னிடம் நான் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

பாரம் தூக்கும் செயின் பிளாக் கொக்கியில் விரிசல் மாதிரி ஒரு கோடு தெரிந்த அன்று, டிக்ஷனரியை விரித்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தாய். சீரியஸ் என்று போட்டுத் தொலையேன் என்றேன். நீ கேட்கவில்லை.

“சீரியஸ்னா பெருசு, அவ்ளோதான். பெருசு தூரத்துலகூட இருக்கலாம். இமினென்ட்னா வாசப்படில கால வச்சிடுச்சுன்னு அர்த்தம்டா. இமீடியட்னா வூட்டுக்குள்ளயே வந்து குந்திக்கினு இருக்குது.”

“அப்ப கிரேவ்?”

“அதுக்குச் சமாதின்னும் அர்த்தம்டா. அத எழுதுனா மேனேஜர் மாலை வாங்க ஆள் அனுப்பிடுவாரு.”

அரை மணி நேரம் யோசித்து, இமினென்ட் டேஞ்சர் என்று அழுத்தி எழுதினாய். மேல் தட்டு, போன், வேலை நின்றது. இரண்டு நாள் கழித்துச் சோதித்தவர்கள் சிரித்துக்கொண்டே வந்தார்கள். விரிசல் இரும்பில் இல்லையாம், மேலே பூசிய பெயின்ட்டில்தானாம். நின்ற வேலையை முடிக்க எல்லோரும் ஞாயிற்றுக்கிழமையும் வர வேண்டியதாயிற்று. உன்னைப் பார்த்த பார்வையெல்லாம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அன்று டீ குடிக்கும்போது, நீ தூரத்தில் வருவதைப் பார்த்து, “வழி விடுங்கப்பா, இமினென்ட் வருது” என்றேன். ஷெட்டே சிரித்தது. அன்றிலிருந்து உனக்கு அதுதான் பெயர். வெல்டர் கூப்பிட்டார், டிரைவர் கூப்பிட்டார், மேனேஜரே ஒருமுறை வாய்தவறிக் கூப்பிட்டார். நீயும் சிரித்தாய். ஆனால் அதற்கப்புறம் உன்னிடமிருந்து மேல் தட்டுக்கு ஒரு பேப்பர்கூட வரவில்லை. எல்லாம் சீரியஸ், இல்லாவிட்டால் மைனர். எனக்கு வேலை குறைந்தது. நிம்மதி என்று நினைத்துக்கொண்டேன். என்னை என்ன சொல்வது?

பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமை. பதினோரு மணிக்கு ஷெட்டிலிருந்து உன் லீவு லெட்டர் வந்தது, யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். நெஞ்சில் ஸ்லைட் அன்ஈசினஸ், மதியத்துக்கு மேல் பர்மிஷன் வேண்டும் என்று உன் கையெழுத்தில் நான்கு வரி. நான் ஸ்லைட் என்ற சொல்லைப் பார்த்தேன். கீழ்த் தட்டில் போட்டேன். அதன் மேல் ஒரு மின்விசிறி ரிப்பேர் சீட்டு வந்து உட்கார்ந்தது. ஐம்பதடி தூரத்தில் நீ ரோலர் அடுக்கின் மேல் உட்கார்ந்து பர்மிஷனுக்குக் காத்திருந்திருக்கிறாய். வியர்த்து, சட்டை முதுகோடு ஒட்டியிருந்ததாம். நான் எழுந்து வந்து ஒருதடவை உன் முகத்தைப் பார்த்திருக்கலாம். ஒன்றரை மணிக்கு ஷெட்டில் இருந்தவர்கள் கத்தியபோதுதான் எழுந்தேன். ஆஸ்பத்திரி வாசல்வரைகூட நீ தாங்கவில்லை.

ஏன்டா அப்படி எழுதினாய்? ஒரு கொக்கிக்காக அரை மணி நேரம் டிக்ஷனரி புரட்டியவனுக்கு, தன் நெஞ்சுக்கு ஒரு சரியான சொல் கிடைக்கவில்லையா? வூட்டுக்குள் வந்து குந்திக்கினு இருந்ததை நீ ஸ்லைட் என்று எழுதியிருக்கிறாய். உன்னைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருக்கிறது, இப்போதும். பதினாறாம் நாள் காரியம் முடிந்து நான் கிளம்பும்போது உன் மனைவி வாசல்வரை வந்தார்.

“ரெண்டு நாளாவே இடது கை வலிக்குதுன்னாருண்ணே. நாந்தான், ஆபீஸ்ல அண்ணங்கிட்ட சொல்லிட்டு ஆஸ்பத்திரி போங்கன்னு அனுப்புனேன். லெட்டர்ல அப்படி என்னதான் எழுதியிருந்தாரு?”

சரியாகப் படிக்கவில்லை தங்கச்சி என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துவிட்டேன். அது பொய்யும் இல்லை.

நீ அப்படி எழுதியதற்குக் காரணம் எனக்குத் தெரியும். மறுபடியும் சிரிப்பார்களே என்று நினைத்திருப்பாய். பெரிய சொல்லை எழுதி, ஒன்றும் இல்லை என்று டாக்டர் அனுப்பிவிட்டால், டீக்கடையில் என்ன பேசுவார்கள் என்று உனக்குத் தெரியும். முதலில் பேசப்போகிறவன் யார் என்பதும் தெரியும்.

மூன்று தட்டையும் எடுத்துப் பரண்மேல் போட்டுவிட்டேன். இப்போது பேப்பர் வந்தால் எழுந்துபோய்ப் பார்க்கிறேன். போன வாரம் வெல்டர் லேசாகத் தலை சுற்றுகிறது என்று எழுதி அனுப்பினார். வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறார், அவ்வளவுதான். திரும்பி வந்தபோது டீ குடித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர், “இமினென்ட் வராருப்பா, வழி விடுங்க” என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். உன்னைக் கூப்பிடுகிறார்கள் என்றே நினைத்துவிட்டேன். என்னைத்தான்.