முப்பத்தைந்துக்குக் கீழே

9-12-1958, செவ்வாய், இரவு எட்டரை. இன்று மூன்று ஆபரேஷன். மூன்றாவது ஆள் சாரம் என்ற ஊரின் மில் தொழிலாளி; வயிற்றில் ஆபரேஷன். பிழைத்துக்கொண்டார். எனக்குத்தான் மனம் ஆறவில்லை.

மயக்க மருந்து கொடுப்பது என் வேலை. மூன்று மணி நேரம் கழித்து வெளியே கொண்டுவந்தபோது, கட்டிலே ஆடும்படி நடுங்கினார். தெர்மாமீட்டர் வைத்தேன். முப்பத்தைந்து டிகிரி சென்டிகிரேடு என்ற அடிக்கோட்டுக்கே பாதரசம் ஏறவில்லை.

"அது கெட்டுப்போச்சு தம்பி, தூக்கிப் போடு" என்றார் டாக்டர்.

கழுவி என் வாயில் வைத்துக் காட்டினேன். முப்பத்தேழு. "இது நல்லாத்தான் இருக்கு சார். அவருதான் ஆபரேஷன் ரூம் குளிர்ல சில்லுன்னு கெடக்கறாரு."

"புதுசா ஏர்கண்டிஷன் போட்டா அதுக்கும் குத்தமா?"

கம்பளியும் வெந்நீர்ப் பையும் வைத்தேன். ஒரு மணி நேரத்தில் நடுக்கம் நின்றது. ஆனால் புரட்டும்போது பார்த்தேன், முதுகுக்கடியில் துணி சொதசொதவென்று ஈரம். ஆபரேஷனின்போது வயிற்றைக் கழுவிய தண்ணீர். ஆபரேஷன் முழுக்கத் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தும் நான் கவனிக்கவில்லை.

நாளை முதல் ஆபரேஷன் ஆறு வயதுப் பெண் குழந்தைக்கு. சின்ன உடம்பு இன்னும் சீக்கிரம் குளிர்ந்துவிடும். ஆகவே:

1. கழுவியவுடன் ஈரத்துணியை நானே மாற்றுவேன்.
2. சலைன் பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் வைத்த பிறகே ஏற்றுவேன்.
3. அறுக்கும் இடம் தவிர, தலை உட்பட எல்லாம் மூடுவேன்.
4. குளிர்சாதனத்தை நிறுத்துவேன். டாக்டருக்கு வியர்த்தால் நர்ஸ் துடைத்துவிடட்டும்.