பற்றரிச் சைக்கிளுக்கு விதி இல்லை

அக்கா,

அன்று நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வசனம்: "ஐயா, பற்றரி பூட்டின சைக்கிளைப் பற்றிப் புத்தகத்தில் ஒரு வரியும் இல்லை." அதற்கு முதல் நாள்தான் வீதிச் சட்டப் புத்தகத்தை முழுவதும் வாசித்து முடித்திருந்தேன். அது என் மேசையிலேயே கிடந்தது.

இன்று எங்கள் வாகனப் பதிவுக் கந்தோரில் கரண்ட் நின்றதும் தலைமை எழுதுனரின் மேசையில் மட்டும் விளக்கு எரிந்தது. உங்கள் சைக்கிள் பற்றரியில்தான் எரிந்தது. அமில நெடி மூக்கில் ஏறியது. வெளியே வந்து துப்பினேன்.

இளம்பிள்ளைவாதம் வந்த இடது காலோடு நீங்கள் சாம்பல்தீவு மருந்தகத்துக்கு வேலைக்குப் போய்வர வேண்டும் என்று உங்கள் மச்சான் சைக்கிளில் பூட்டித் தந்த மோட்டார் அது. வழியில் சென்றிக் காவலரணில் நின்ற ஆமிக்காரன்கூடச் சிரித்துக்கொண்டுதான் விடுவான்.

"மிஸ், பெட்ரோல் எங்க ஊத்துற?"

"பெற்றோலுக்குக் கியூவில நிக்க ஏலாது தம்பி. அதுதான் கரண்ட் பருக்கிறன்."

நான்தான் கெடுத்தேன். "புதுசா ஒரு ஆமி வந்தால் மறிப்பான் அக்கா. அனுமதி கேட்டு ஒரு கடிதம் தாங்கோ, எங்கட கந்தோரில குடுக்கிறன்" என்றேன்.

"கடிதம் எண்டால் வில்லங்கம் பிள்ளை. இப்ப ஒருத்தரும் கேக்கேல்லைத்தானே?" என்றீர்கள். பிறகு எனக்காகத்தான் எழுதித் தந்தீர்கள்.

தலைமை எழுதுனர் உங்களைச் சைக்கிளோடு வரச் சொன்னார். கந்தோர் முற்றத்தில் எல்லோரும் கூடிவிட்டோம்.

"மோட்டார் பூட்டினால் அது மோட்டார் சைக்கிள். லைசென்ஸ் எங்கை? பதிவு நம்பர் எங்கை?"

"மிதிச்சும் ஓடலாம் ஐயா."

"அப்ப மிதிச்சுக் காட்டும், பாப்பம்."

நீங்கள் ஏறினீர்கள். சேலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஒன்றரைச் சுற்று மிதித்தீர்கள். இடது கால் வழுக்கியது. சைக்கிளோடு சரிந்தீர்கள். பின்னால் யாரோ சிரித்தார்கள். என் வாயும் கொஞ்சம் விரிந்தது, அக்கா. பயத்தில் என்று சொல்லிப் பார்க்கிறேன். எப்படிச் சொன்னாலும் அது சிரிப்புத்தான். என் முகத்தில் இருந்த மிக அசிங்கமான பொருள் அது. எங்கே போனாலும் கூடவே கொண்டு திரிகிறேன்.

"பாத்தீரே, உம்மால மிதிக்க ஏலாது. அப்ப இது சைக்கிள் இல்லை" என்றார் அவர். அத்தனை நேர்த்தியான அற்பத்தனத்தை நான் எந்தப் புத்தகத்திலும் வாசித்ததில்லை. கொழும்பிலிருந்து பதில் வரும்வரை சைக்கிள் கந்தோரில் நிற்கட்டும் என்று எழுதினார். அந்தக் குறிப்பைத் தட்டச்சு செய்தது நான்.

எழும்பி மண்ணைத் தட்டிக்கொண்டு, "நீ போ பிள்ளை, உன்ர வேலையைப் பார்" என்றீர்கள். குரலில் கோபமே இல்லை.

இரண்டு கிழமை நடந்தும் பஸ்ஸுக்குக் காத்துநின்றும் பார்த்தீர்கள். பிறகு வேலையை விட்டீர்கள். குடாவைக் கடந்து கட்டைபறிச்சானில் தங்கை வீட்டுக்குப் போனீர்கள். மூன்றாம் மாதம் அந்த வீட்டில் செல் விழுந்து வெடித்தது. தங்கை கிணற்றடியில் நின்றதால் தப்பினார். நீங்கள் உள்ளே இருந்தீர்கள்.