மூங்கிற்படுகை இடுகாட்டின்மேல் நின்ற படகு

தோள்வலி பொறாமல் எழுத்தாணியைப் பலமுறை கீழே வைத்து எழுதும் இவ்வோலை, வெண்கோட்டு நாட்டின் பேரமைச்சர், மன்னர் நெடுவிடங்கரின் வலக்கை, அருங்குன்றத்து உடையார் திருமுன் சேர்க. தங்கள் கோட்டையில் விளக்கும் களஞ்சியத்தில் நெல்லும் குறையாதிருக்க. சிறுவயதில் இந்த அணைக்கு மண் சுமந்து, இன்று இதன் கரைக் கண்காணியாய் இருக்கும் வேம்பன் வணங்கி அறிவிப்பது:

அரசியாரின் நீருலாவில் துடுப்பை உயர்த்திப் படகை நிறுத்திய படகோட்டி எயினனை விலங்கிட்டு அனுப்பும்படி தாங்கள் விடுத்த ஆணை கிடைத்தது. படகு நின்ற இடத்துக்கு நேர் கீழே, தேக்கத்தில் முழுகிய மூங்கிற்படுகை ஊரின் இடுகாடு கிடக்கிறது. படகோட்டிகள் எல்லாரும் அவ்வூரார். அவ்விடம் வந்ததும் துடுப்பை நீரினின்று எடுத்து, படகு தானே மிதந்து கடக்கும்வரை வாய்திறவாதிருப்பது அவர்கள் வழக்கம். அன்று காற்று இல்லை, படகு நகரவில்லை. அரசியாரின் தோழியர் முதலில் சிரித்தனர். பின் படகின் அடியை ஏதோ தட்டத் தொடங்கியது; ஒருவரும் சிரிக்கவில்லை. பட்ட மரத்தின் கிளை என்பேன்; பேயை நான் கண்டதில்லை. ஆயினும் அன்றுமுதல் நான் அந்தப் பக்கம் போவதில்லை.

விலங்கோடு சென்ற என்னிடம் எயினன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஐயா, எங்க ஆத்தா நெத்தியில துடுப்பால குத்தச் சொல்றீரு. உம்ம ஆத்தாள மேட்டுல புதைச்சிருக்கீரு, அதான் உமக்குக் கூசல." விலங்கைத் திருப்பிக் கொண்டுவந்தேன்.

ஆண்டுதோறும் ஒருநாள் நீரை இறக்கி இடுகாட்டைத் திறந்துவிடுவோம், உங்கள் இறந்தோர்க்குச் சோறு வையுங்கள் என்று, அணை எழுந்தபோது மன்னர் வாக்களித்தார். உலாப்படகு வந்தபின் மதகு திறக்கப்படவில்லை. நீர் இறங்கினால் காட்டுப்பூனைகள் தேக்கத்தின் நடுவே நிற்கும் மரங்களில் ஏறி நாரைக் குஞ்சுகளைத் தின்னும் என்று அரண்மனை காரணம் சொன்னது. அது மெய்யே. ஆனால் குஞ்சுகள் ஆனியிலேயே பறந்துவிட்டன. ஆடியிலும் மதகு மூடியே இருந்தது. இவ்வாண்டு அவ்வூரார் கரையில் நின்று சோற்றை நீரில் விட்டனர். மீன்கள் தின்றன. அம்மீன்களைத் தோழியர் தூண்டிலிட்டுப் பிடித்து மகிழ்ந்தனர். அதைக் கண்டபின் அவ்வூரார் இத்தேக்கத்து மீனை உண்பதில்லை. நானும் உண்பதில்லை.

எயினனை அனுப்பமாட்டேன். மதகைத் திறக்கும் ஆணையை அனுப்புக. மனமில்லையேல் வேறு கண்காணியை அனுப்புக. இதற்குச் சான்றாக அணை முத்திரை இட்டேன்.

மூங்கிற்படுகையாருக்கு இவ்வரசு பட்ட கடன், ஒருநாள் உலர்ந்த இடுகாடு. இன்னும் தரவில்லை.