பாயிரம் கேட்ட மதினிக்கு

மதினி,

நேற்று மதுரை ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றவர்கள் பெரிய டாக்டர், நம் வீட்டு மூத்தவன், உங்கள் மகளைக் கட்டிய மாப்பிள்ளை, நான். உங்கள் தம்பி உள்ளே கட்டிலில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். பேச்சு முழுக்க அவர் வயிற்றில் வந்ததைப் பற்றித்தான். அவர் மட்டும் அதில் இல்லை. வீட்டுக் கணக்கு எழுதிப் பழகிய புத்தி எனக்கு. யார் யார் இருந்தார்கள் என்று முதலில் எழுதி வைத்தால்தான் மேற்கொண்டு கை ஓடும்.

"வயித்துப்புண்ணுன்னு சொல்லிருவோம்மா. அப்பா தாங்க மாட்டாரு" என்றான் மகன்.

"அதுதானுங்க அத்தை சரி" என்றார் ஒட்டன்சத்திரத்து மாப்பிள்ளை.

நான் உள்ளே போய் அவர் துண்டை எடுத்து மடித்தேன்.

இன்று காலை நம் பழ மண்டியிலிருந்து ஒரு சீப்பு சிறுமலைப் பழம் வந்தது. அறையில் வைத்த சற்று நேரத்தில் அந்த வாசனை வீடு பூராவும் ஏறிவிட்டது. கடைசி மாதங்களில் உங்களுக்கு இறங்கியது இந்தப் பழம் ஒன்றுதான். உங்கள் தம்பி பாதிப் பழத்தை வாயில் போட்டு, வெகுநேரம் வைத்திருந்து, முற்றத்துப் பக்கம் போய்த் துப்பிவிட்டு வந்தார். "இன்னும் கனியல" என்றார். நன்றாகக் கனிந்த பழம், மதினி.

அந்த வாசனையில் நீங்கள் வந்துவிட்டீர்கள். கோயில் மண்டபத்தில் மத்தியான வேளைகளில் காவியம் படித்த உங்கள் குரலும் வந்துவிட்டது. நான் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள். பலசரக்குப் பொட்டலக் காகிதத்தில் எழுத்துக் கூட்டிப் பார்த்து, பிறகு உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, வரியில் ஓடும் உங்கள் விரலோடு கண்ணை ஓட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டவள். அட்டை போன அந்தப் பெரிய புத்தகத்தை நீங்கள் எப்போதும் முதல் ஏட்டிலிருந்துதான் திறப்பீர்கள். எதிர்வீட்டு மீனாட்சிக்கு அது பொறுக்காது.

"காப்பு, அவையடக்கம், பாயிரம்னு இம்புட்டும் முடியறதுக்குள்ள எங்க வீட்டுக்காரரு கடையடைச்சு வந்துருவாருக்கா. நேரா கதைக்குப் போங்க."

"வரட்டும். அவருக்கும் ஒரு காப்புப் பாட்டுப் பாடி உக்கார வையி."

"ராஜா மகன் சாகப் போறான்னு புலவரு பாயிரத்துலயே சொல்லிப்புட்டாரு. அப்புறம் கேக்க என்ன இருக்கு?"

"இனிமேதான்டி இருக்கு. சொல்லாட்டி, அவன் பொழைப்பானா மாட்டானான்னு வாசலையே பாத்துக்கிட்டு இருப்ப. சொல்லியாச்சுன்னா அவன் சோறு திங்கறதையும் பாப்ப."

மீனாட்சி சிரித்தாள். எனக்கும் அன்று அது முழுசாக விளங்கவில்லை. அந்த வருஷத் திருவிழா நாடகத்தில்தான் விளங்கியது. திரை விலகியதும் பபூன் வந்து கோமாளித்தனம் பண்ணி, எல்லோரையும் சிரிக்க வைத்து, அந்தச் சிரிப்பு அடங்கும் முன்பே, இந்தக் கதையில் வருகிற பெண் கடைசியில் ஆற்றோடு போவாள் என்று சொல்லிவிட்டுப் போனான். அடுத்த காட்சியில் ஒன்றுமே இல்லை. தாய் மகளுக்குத் தலை சீவி விடுகிறாள். சிக்கு இழுக்கிறது என்று மகள் சிணுங்குகிறாள். அவ்வளவுதான். சுற்றிலும் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் என் முழங்கையை இடித்தீர்கள்.

"பாத்தியா. தலை சீவறதுக்கு யாராச்சும் அழுவாகளா? முதல்லயே சொன்னதுனால வந்த அழுக."

அதற்கடுத்த வருஷம் உங்களுக்கு மார்பில் கட்டி வந்தது. வெகுநாள் யாரிடமும் சொல்லாமல் ரவிக்கைக்குள் துணி வைத்து மறைத்திருந்தீர்கள். மதுரைக்குக் கூட்டிப்போய்த் திரும்பியபோது, ரத்தம் கம்மி, டானிக் குடித்தால் தேறிவிடும் என்று சொல்ல வேண்டும் என உங்கள் தம்பி எல்லோரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டார். புருஷனை இழந்து, கல்யாணத்துக்கு நிற்கிற மகளோடு வந்து எங்களிடம் இருந்த அக்கா நீங்கள். அவருக்கு உங்கள் மேல் உயிர். அதனால்தான் மறைத்தார். அதை நான் இன்றுவரை குறை சொன்னதில்லை.

ஒருநாள் மத்தியானம் புத்தகத்தை என்னிடம் நீட்டினீர்கள். "எனக்கு மூச்சு வாங்குது. நீ படி." மயிலிறகு வைத்திருந்த இடத்தில் பிரித்தேன், யுத்தம் நடக்கிற இடம்.

"அங்க இல்ல. பாயிரம் படி."

"அதான் அப்பவே படிச்சாச்சே மதினி."

"கதைக்குப் படிச்சாச்சு. எனக்கு யாரு படிச்சா? டாக்டரு என்ன சொன்னாருன்னு நீயாச்சும் சொல்லு ஆத்தா. முடிவு தெரிஞ்சாத்தான் மிச்சத்த ஒழுங்கா இருந்துட்டுப் போவேன். எம்மகளுக்கு ஒரு வழி பண்ணணும்."

பூஜை அறையில் முருகன் படத்தைப் பார்த்தேன். அவன் வாய் திறக்கவில்லை. நான் திறந்தேன். கெட்ட கட்டி, உள்ளே பரவிவிட்டது, அறுத்தாலும் நிற்காது, வருஷம் தாண்டாது என்று டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். நீங்கள் என் மடியிலிருந்து புத்தகத்தை எடுத்து மூடினீர்கள். பிறகு, "பாயிரம்னா அவையடக்கம் உண்டுல்ல. அத விட்டுட்டியே" என்றீர்கள். நான் உங்கள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அதன் பின் சில நாள் நீங்கள் சாப்பாட்டைத் தொடவில்லை. முகம் கறுத்துப்போனது. ஒருநாள் காலையில் எழுந்து மகளைக் கூப்பிட்டு முன்னால் உட்கார வைத்து, எண்ணெய் தேய்த்துத் தலை சீவிப் பின்னிவிட்டீர்கள். அன்றிலிருந்து தினமும். ஒரு பக்கக் கை தூக்க வராது. இன்னொரு கையால், அவசரமே இல்லாமல், வகிடு நேராக வரும்வரை. சமையலறைக் கதவோரம் நின்று பார்ப்பேன். அப்படி ஒருநாள் பின்னால் விசும்பல் கேட்டுத் திரும்பினால் உங்கள் தம்பி நிற்கிறார். உங்களுக்கு முடிவு தெரியும் என்பதையும், நான்தான் சொல்லிவிட்டேன் என்பதையும் அப்போதுதான் அவர் கண்டுகொண்டார்.

தை மாதம் மகள் கல்யாணத்தை நீங்களே முன்னால் உட்கார்ந்து முடித்தீர்கள். பங்குனியில் போய்விட்டீர்கள். வலியில் கத்திக் கத்தி, கடைசியில் குரலே இல்லாமல்.

காரியம் முடிந்த அன்று அவர் என்னிடம் சொன்னார். "நீ சொல்லாம இருந்தா எங்கக்கா இன்னும் கொஞ்சநாள் இருந்திருப்பா. சொல்லிச் சொல்லியே கொன்னுட்ட. நாளைக்கு எனக்கு இப்படி வந்தா எங்கிட்ட சொல்லிராத." பிறகு வெகுகாலம் சோறு போடச் சொல்லக்கூட மகனைத்தான் ஏவினார். அவர் சொன்னது பொய் என்று எப்படிச் சொல்வேன்? நீங்கள் சாப்பிடாமல் கிடந்ததையும் நான்தான் பார்த்தேன். மகள் தலையில் பூ வைத்து அனுப்பியதையும் நான்தான் பார்த்தேன். இரண்டையும் கூட்டினால் எந்தப் பக்கம் மிஞ்சுகிறது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. உங்களைக் கேட்டிருக்கலாம். கேட்கப் பயந்தேன். நீங்களும் சொல்லவில்லை.

உங்கள் புத்தகத்துக்குக் கெட்டித்துணியில் அட்டை போட்டு வைத்திருக்கிறேன். தினமும் மத்தியானம் வீட்டிலேயே படிக்கிறேன். உங்கள் தம்பிக்கு அது ஆகாது. "மத்தியானத் தூக்கத்துக்கு நல்ல மருந்து" என்பார். இன்று, பழத்தைத் துப்பிவிட்டு வந்தவர், தலையணையைத் தூக்கிக்கொண்டு வந்து என் எதிரே சுவரில் சாய்ந்தார். கழுத்தெலும்பு தெரிகிறது, மதினி. நான் பிரித்த இடத்திலிருந்து படித்தேன். சற்று நேரம் காது கொடுத்தார். பிறகு கேட்டார்.

"எங்கக்கா எதுக்கு எப்பப் பாத்தாலும் முதல்ல இருந்தே படிப்பா?"

எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான் இருக்கிறது. அதைச் சொன்னால் எல்லாவற்றையும் சொன்னதாகிவிடும். "விளக்கு வைக்க நேரமாச்சு, நாளைக்குச் சொல்றேன்" என்று புத்தகத்தை மூடிவிட்டேன். விளக்கு வைக்க நேரமே ஆகவில்லை. வெயில் முற்றத்தில் அப்படியே இருந்தது. அவரும் அதைப் பார்த்தார்.

சொல்லாதே என்றவரும் அவர்தான், கேட்கிறவரும் அவர்தான். நாளை மத்தியானம் தலையணையோடு மறுபடி வந்து உட்காருவார். நான் உங்களிடம் சொன்னது உங்களுக்கு நல்லதாக இருந்ததா, இல்லையா? கனவிலோ, சாமி முன் பூக்கட்டிப் பார்க்கும்போதோ, எப்படியாவது அதற்கு முன் சொல்லிவிடுங்கள் மதினி.