கரும்புக் கத்தியும் உங்கள் பல்லும்

உறுவையாறு
28-1-1986

அன்புள்ள மாமாவுக்கு,

வள்ளிநாயகி எழுதுகிறேன். நானும் பிள்ளைகளும் சுகம். கரும்பு பாதி வெட்டியாகிவிட்டது. மற்ற சேதியெல்லாம் இருக்கட்டும். முதலில் உங்கள் பல் விஷயம். கண்டுபிடித்துவிட்டேன், மாமா! சிரிக்காமல் படியுங்கள்.

அங்கே பட்டறையில் நீங்கள் கடையும் செயற்கைப் பல்லில், தாடை எலும்பில் பதித்த டைட்டானிய வேர் அசையாமல் நிற்கிறது, அதன்மேல் மாட்டும் பல்தான் ஆடி ஆடி உடைகிறது என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பிரெஞ்சு முதலாளி உங்கள் கடைசல் வேலையைக் குறை சொல்கிறார், மார்ச்சுக்குள் சரியாகாவிட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவார் என்றும் எழுதியிருந்தீர்கள். படித்ததிலிருந்து எனக்குக் கோபம். குறை உங்கள் கையில் இல்லை, பொருத்தில் இருக்கிறது.

எப்படித் தெரிந்தது என்றால், என் முட்டாள்தனத்தால்தான். இந்த வருஷ வெட்டுக்குத் திருக்கனூரில் புதுக் கத்திகள் வாங்கினேன். மரப்பிடியின் தலையில் கத்தியை வைத்து ஒரே போல்ட்டால் முடுக்கியவை. பார்க்க அழகு. மத்தியானத்துக்குள் எல்லாம் ஆட்டம் கண்டன. ஒன்று கழன்று பறந்து கலியம்மாள் காலடியில் விழுந்தது. வெட்டு ஆட்களுக்குத் தலைவி அவள், விடுவாளா? "இன்னா அண்ணி, போல்ட்டு எவ்ளோ நேரம் தாங்கும்? பிடி உள்ள எறங்கணும், வெட்ட வெட்ட இறுகணும்" என்று தன் பழைய கத்தியை நீட்டினாள். அதன் அடியில் இரும்பைக் குழலாகச் சுருட்டியிருக்கிறது. கூம்பாகச் சீவிய பிடி அதற்குள் ஆழமாக இறங்குகிறது. போல்ட்டே இல்லை.

வீட்டுக்கு ஓடினேன். நீங்கள் அனுப்பிய படத்திலும் வேரின் தலையில் குட்டையாக ஓர் ஆறுபட்டைக் குமிழ், அதன்மேல் பல், நடுவில் ஒற்றைத் திருகாணி. மெல்லுகிற பாரமெல்லாம் அந்த ஆணி தலையில்தானே?

உடனே உங்கள் லேத்தைத் தூசி தட்டிப் பக்கிரிசாமியைக் கடையச் சொன்னேன். உங்கள் சிஷ்யனுக்கு நான் இப்போது பல்லு டாக்டரம்மா. இரண்டு விதப் பொருத்தையும் பெரிதாகச் செய்து, பம்புசெட் இஞ்சினில் கட்டி ஆட்டினோம். குமிழ் ஒரு மணி நேரத்தில் தளர்ந்தது. கூம்பு முதல் தடவை பிளந்தது. குழலின் சுவரை மெலிதாகக் கடைந்துவிட்டான். தடிப்பாக்கி மறுபடி கடைந்தான். மூன்று நாள், மாமா! அசையவே இல்லை. கழற்றச் சுத்தியல் வேண்டியிருந்தது. அளவுகளோடு படம் இந்தக் கடிதத்துடன் வைத்திருக்கிறேன். முதலாளி முன்னால் விரித்துக் காட்டுங்கள்.

கலியம்மாள் சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், "அனுப்பாத அண்ணி. பல்லு நிக்கலன்னா அண்ணன் வூட்டுக்கு வந்துடும்ல" என்றாள்.

அதுவரை எனக்குத் தோன்றவில்லை. வேலை போனால் சித்திரைக்கு வந்துவிடுவேன் என்று நீங்கள் எழுதியதை நம்பி, கட்டிலுக்குப் புதுக் கயிறு வாங்கியிருந்தேன். பல் நின்றால் இன்னும் மூன்று வருஷ ஒப்பந்தம். படத்தை இரண்டு நாள் அரிசிப் பானைக்குள் வைத்திருந்தேன். அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

இன்று வில்லியனூர் போய் நானே தபாலில் சேர்க்கிறேன். கைவேலை சரியில்லை என்று பெயர் வாங்கிக்கொண்டு நீங்கள் வர வேண்டாம். ஜெயித்துவிட்டு, பத்து நாளாவது லீவு கேளுங்கள். அம்மன் உங்கள் கைக்குத் துணையிருப்பாள்.

கட்டில் பின்னி முடித்தாயிற்று. அவிழ்க்கப் போவதில்லை.

உங்கள்
வள்ளிநாயகி